சாய்வுக் கம்பியின் கடைசி ஓட்டை

என் தங்கமான அண்ணாவுக்கு,

உன் வண்டி வேலை முடிந்து ஓடிவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்ற எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். வேறு நல்ல சேதி என்னிடம் இல்லை. நம் ஊர் தோணிரேவில் எல்லாரும் சௌக்கியம் என்று எழுத மனசு வரவில்லை. வீடு வீடாகவே இல்லை அண்ணா.

உன் கருமாதி முடிந்த மறுநாள் நம் நைனாவின் பழைய ஐஸ் கொட்டகையைத் திறந்தேன். சென்னைப் பட்டறையில் கேட்பாரற்றுக் கிடந்த அந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை நீ இழுத்து வந்தபோது ஊரே சிரித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது ஜாக்கியின் மேல் நின்றிருந்தது. ஸ்பேனர் நீ வைத்த இடத்திலேயே இருந்தது. முன்பக்கத்துச் சாய்வுக் கம்பியில் ஒரு போல்ட் மட்டும் மாட்டாமல் பாக்கி.

நம் சண்டையும் அதோடுதானே பாக்கி நின்றது. வளைவில் வண்டி ஒரு பக்கமாகப் படுத்துவிடாமல் இரண்டு சக்கரங்களையும் குறுக்கே பிடித்துக்கொள்ளும் கம்பி அது. நுனியில் மூன்று ஓட்டைகள். உள்பக்கத்து முதல் ஓட்டையில் மாட்டினால் விறைப்பு, வெளிக்கோடியில் மாட்டினால் இளக்கம். நீ முதல் ஓட்டை என்றாய். பொன்னேரி ரோடு என்ன பந்தயத் திடலா, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் விறைத்த கம்பி மற்றதையும் சேர்த்து உலுக்கும் என்றேன் நான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்ப்பவளுக்கு இந்த வாய் கூட இல்லாவிட்டால் எப்படி?

ஸ்பிரிங் விஷயத்தில் நீ தோற்றவன். கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டு ஓட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நீயே கழற்றினாய். "ஸ்பிரிங்கு உன் இஷ்டம். கம்பி என் இஷ்டம்" என்று சொன்னாய்.

பாலம் தாண்டி வரும் வலது வளைவில்தான் கம்பி மாட்டாமலே நீ எப்போதும் சோதித்துப் பார்ப்பாய். வண்டி இடது பக்கம் சாயும். நான் உடனே மேட்டுப் பக்கம், உன் தோள்மேல் சாய்ந்துவிடுவேன். தோணி சாய்ந்தால் கவிழாமல் மேட்டுப் பக்கம் தாவியே வளர்ந்த உடம்பு, வேறென்ன செய்யும்? "இன்னாடி, இது தோணியா? நேரா குந்து. நீ சாஞ்சா வண்டி எவ்ளோ சாயுதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்று கத்துவாய். அடுத்த முறையும் சாய்வேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் நடந்ததை மாரிதான் வந்து சொன்னான். உன்னோடு தோணியில் வந்தவன், நீந்திக் கரையேறியவன். அலை தோணியைப் பக்கவாட்டில் தூக்கியதாம். "அண்ணன் மேட்டுப் பக்கம் தாவுனாரு அக்கா. நானும் தாவுனேன். ரெண்டு பேரு கனம் பத்தல, கவுந்துட்டுது" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான்.

என்னை நேராகக் குந்தச் சொன்னவனே, கடைசியில் நீயும் சாய்ந்துதான் பார்த்திருக்கிறாய். காற்று சரியில்லை என்று தெரிந்தும் ஏன் போனாய்? அன்றைக்கு மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து கம்பியை மாட்டியிருக்கக் கூடாதா?

அண்ணி அழவே இல்லை. அதுதான் எங்களுக்குப் பயம். ஊர்ப் பெண்கள் கட்டிக்கொண்டு அழ வந்தார்கள். தொட வந்த கையை எல்லாம் தள்ளிவிட்டாள். சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பாள். இந்தக் காரைச் சக்களத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தவள், போன வாரம் தானாகவே கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"முடிச்சதும் மொத சவாரி எனக்குன்னு சொன்னாரு. நீ முடி. ஒரு தபா குந்திப் பாக்கறேன்."

எந்த ஓட்டையில் மாட்டுவது என்று கேட்டேன்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"மொத ஓட்டை."

"நீ?"

"கடைசி."

"அவரு இருந்திருந்தா உங்க சண்டை முடிஞ்சிருக்குமா?"

"முடிஞ்சிருக்காது அண்ணி."

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

உன் ஆசைப்படி முதல் ஓட்டையில் மாட்டித் தனியாக ஓட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். வளைவில் தட்டையாக, ரொம்ப அழகாகத் திரும்பியது. ஆனால் ஒவ்வொரு பள்ளமும் பல்லில் தெரிந்தது. சாப்பிடாமல் துரும்பாகிப் போன உடம்பை அதில் எப்படி ஏற்றுவேன்? திரும்பி வந்து கழற்றிக் கடைசி ஓட்டையில் மாட்டினேன். திட்டுவதானால் திட்டு.

நேற்றுச் சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். பாலம் வரைக்கும் மடியில் கையைக் கோத்துக்கொண்டு ஏரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். வலது வளைவு வந்தது. வண்டி மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. அண்ணி சட்டென்று மேட்டுப் பக்கம், என் தோள்மேல் வந்து விழுந்தாள். வளைவு முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

ஓரமாக நிறுத்தினேன். "இப்டித்தான தாவிருப்பாரு?" என்று கேட்டாள். அப்புறம்தான் அழுதாள். என் சட்டைத் தோள் முழுக்க நனைந்துபோனது. நானும் அழுதேன். இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். வீட்டுக்கு வந்ததும் நாலு வாய் சாப்பிட்டாள்.

முதல் ஓட்டையில் மாட்டியிருந்தால் வண்டி அவ்வளவு சாய்ந்திருக்காது, அண்ணா.

கம்பி இனி கடைசி ஓட்டையிலேயே இருக்கும். உன் பெண்டாட்டி கேட்கும்போதெல்லாம் அந்த வளைவுக்குக் கூட்டிப்போவேன். நேராக உட்காரச் சொல்லி ஒருநாளும் அதட்ட மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் மேட்டுப் பக்கமே சாயும்,
உன் தங்கச்சி