பாக்கி இருந்த மொட்டை

திருத்தணி
4-4-1978

அன்புள்ள தம்பி நாகேந்திரனுக்கு, அக்கா கோமளவல்லி ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். முழங்கால்தான் மலைப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச்சுத் துணைக்குத் தையல் மிஷின் மட்டும்தான்.

இந்த ஆடிக் கிருத்திகைக்காவது வருகிறாயா? உனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, படிப்பு முடிந்ததும் உனக்கு மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நீ படித்து முடித்து, அங்கேயே பேராசிரியராகி, உன் பெண்ணும் பள்ளிக்கூடம் போகிறாள். முருகன் கேட்கிறானோ இல்லையோ, அம்மையார்குப்பத்திலிருந்து வரும் கோதண்டபாணி மாமா விடாமல் கேட்கிறார். "இன்னாமா, உன் தம்பி வந்துகினே கீறானா?" என்கிறார். ஆங், வந்துகினேதான் இருக்கான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
கோமளவல்லி

பாஸ்டன்
2-5-1978

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

ஒரு சந்தோஷச் செய்தி. இங்கே படித்துப் பெயர் வாங்கியவர்களின் படங்களைப் பல்கலைக்கழகப் பெரிய மண்டபத்தில் மாட்டுவார்கள். இந்த வருஷம் என் படமும் ஏறுகிறது. எதிர்ச்சுவரில், கட்டடம் கட்டவும் ஏழைப் பிள்ளைகள் படிக்கவும் வாரிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சோப்புக் கம்பெனி முதலாளி ஒருவர் இனி காலமெல்லாம் என் முகத்தில்தான் விழிக்கவேண்டும்.

ஆனால் அக்கா, ஓவியர் கோடை முழுவதும் என்னை உட்காரவைத்து வரையப்போகிறார். செப்டம்பரில் திறப்பு விழா. மொட்டைத் தலையோடு போய் நின்றால் படம் வேறு, ஆள் வேறு என்பார்கள். அடுத்த வருஷம் பார்ப்போம்.

விழா மலரில் என் குடும்பத்தைப் பற்றியும் ஒரு பக்கம் வருகிறது. அதில் போட உன் படம் ஒன்று அனுப்பு. பின்னலை முன்னால் விட்டுக்கொண்டு எடுத்தாயே, அது போதும்.

அன்புத் தம்பி,
நாகேந்திரன்

திருத்தணி
21-5-1978

அன்புள்ள தம்பிக்கு,

கோடை லீவானாலும், என்னோடு வேலை செய்யும் டீச்சர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு கௌரியம்மாள் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொடுத்தவர்களுக்கும் ஒரு சுவர் வைத்திருக்கிறார்களே, நல்ல இடம்தான்.

ஆனாலும் தம்பி, முடி வளர்ந்துவிடும். ஓவியரிடம் சொல்லிவிட்டு ஒரு வாரம் வரக்கூடாதா? நைனா காரியத்துக்கு வந்துபோனதுதான். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும்.

அக்கா

பாஸ்டன்
14-6-1978

அன்புள்ள அக்காவுக்கு,

வர வழியில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஒருவருக்குப் பதிலாக வீட்டு மனிதர் இன்னொருவர் முடி கொடுத்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான் என்று அம்மா சொல்வாளே. பங்காளிகளில் யாரையாவது பிடித்து இந்த ஆடிக்கே முடித்துவிடு. உன் மனதிலிருந்தும் ஒரு சுமை இறங்கும்.

படத்தை மறந்துவிடாதே. மலர் அச்சுக்குப் போகப்போகிறது.

நாகேந்திரன்

திருத்தணி
2-8-1978

அன்புள்ள தம்பிக்கு,

கிருத்திகை நல்லபடியாக நடந்தது. மலை முழுக்கக் காவடி. நீ சொன்னபடி பங்காளி வீடுகளில் கேட்டேன். பரந்தாமனுக்கு நிச்சயதார்த்தமாம். அவன் தம்பிக்கு அரக்கோணத்தில் ரயில்வே இண்டர்வியூவாம். அவரவர் தலை அவரவருக்கு. நானே போய் உட்கார்ந்துவிட்டேன்.

நாவிதர் என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார். "பொம்பளைங்க பூமுடி குடுத்தா போதும்மா. நுனியில கொஞ்சம் வெட்டிக்கினு போங்க. இம்மாம் முடிய ஏன் எடுக்கணும்?" என்றார்.

"என் தம்பிக்குப் பதிலா குடுக்கறேன்பா. அவன் ஆம்பளை, பூமுடி ஆவாது. மொத்தமா எடு" என்றேன்.

சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்ததும் காற்றுப் பட்டுத் தலை சில்லென்றிருந்தது. கௌரியம்மாள் பார்த்து அழுதாள். நான் அழவில்லை. மறுநாள் காலையில் பழக்கத்தில் சீப்பைக் கையில் எடுத்தபோதுதான் அழுதேன். முடிக்காக இல்லை.

பதிலுக்கு முடி கொடுக்கலாம் என்று எனக்கும் தெரியும், தம்பி. யாரையாவது உட்காரவைத்து எப்போதோ முடித்திருக்கலாம். வேண்டுதல் பாக்கி இருக்கும்வரை நீ ஒரு நாள் வந்துதானே ஆகவேண்டும் என்று விட்டுவைத்திருந்தேன். இனி உனக்கு இங்கே ஒரு பாக்கியும் இல்லை. வரவேண்டிய கட்டாயமும் இல்லை.

மலருக்குக் கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. பழையது வேண்டாமென்று புதிதாக ஸ்டுடியோவில் எடுத்தேன். படம் வேறு, ஆள் வேறு என்று யாரும் சொல்லிவிடக்கூடாது பார். மலரில் போட முடியாவிட்டால் உன் மேஜையில் வை. உன் பெண் கேட்டால், அத்தை என்று சொல்.

உன் அக்கா,
கோமளவல்லி

பி.கு: விபூதி மடித்து வைத்திருக்கிறேன். நெற்றியில் இட்டுக்கொள். ஓவியர் வருவதற்குள் துடைத்துவிடலாம்.