மீட்டர் குறைத்துக் காட்டிய பத்தில் ஒன்று

இன்று காலை கரித்தூள் தொட்டிப் பக்கம் போனபோது அந்த வாடை வந்தது. தாரும் மண்ணெண்ணெயும் சேர்ந்து சூடேறியது போன்ற வாடை. உள்ளே எங்கோ தூள் சுவாலையில்லாமல் கனலத் தொடங்கியிருக்கிறது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. நீ போய்ச் சேர்ந்து இவ்வளவு நாளான பிறகும், திரும்பி உன்னைத்தான் தேடினேன்.

இந்த சிமெண்ட் ஆலைக்கு நீ வந்ததே பயத்தால்தான். சிவகாசியில் உன் அம்மாவும் தங்கச்சியும் பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் அந்த வேன் தெருமுனையில் திரும்பும்வரை உனக்குச் சோறு இறங்காது. "இங்கன என்னலே வெடிக்கப் போகுது? வெறும் கல்லும் மண்ணும்" என்று சேர்ந்த அன்றைக்குச் சொன்னாய். சூளையில் எரிக்கிற கரித்தூள் காற்றோடு கலந்தால் அதுவும் வெடிக்கும் என்று நான் சொன்னதும் உன் முகம் வெளுத்துப்போனது.

அந்த மதியம் உனக்கு நினைவிருக்கும். தொட்டிக்குள் தூள் கனலத் தொடங்கிவிட்டது. கார்பன் டை ஆக்சைடை உள்ளே விட்டு ஆக்ஸிஜனைக் குறைத்துக்கொண்டிருந்தோம். அது பன்னிரண்டு சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் தூளை வெளியே இறக்கலாம். அதற்காக மூன்று பேர் தொட்டிக்கு அடியில் தயாராக நின்றார்கள். மேலே நம் கன்ட்ரோல் ரூமில் ஆக்ஸிஜன் மீட்டர் பதினொன்று புள்ளி ஒன்பது காட்டியது. "இறக்கச் சொல்லிரவா?" என்று ஷிப்ட் அதிகாரி போனை எடுத்தார். நீ அவர் கையைப் பிடித்துவிட்டாய்.

"வேண்டாம் சார். மீட்டரை நைட்ரஜன் வச்சுல்ல ஜீரோ பண்ணியிருக்கோம். உள்ள இப்பக் கிட்டத்தட்டப் பாதி கார்பன் டை ஆக்சைடு. மீட்டருக்குள்ள இருக்க காந்தம் ஆக்ஸிஜனை இழுக்கும், இதைத் தள்ளும். அதான் குறைச்சுக் காட்டுது. திருத்திப் பாத்தா பன்னிரண்டைத் தாண்டிரும்."

"எம்புட்டு தாண்டும்?"

"ஒரு சதவீதத்துல பத்துல ஒண்ணு, அதுக்குக் கொஞ்சம் மேல, அம்புட்டுதான் வித்தியாசம் சார். ஆனா அங்கன மூணு பேரு நிக்காக."

அவர் என்னைப் பார்த்தார். நானும் கணக்குப் போட்டேன். சரியாக இருந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல அவங்கள விலகச் சொல்லுங்க" என்றார்.

அதற்குள் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்கள் தீர ஆரம்பித்தன. யாராவது தொட்டிக்கு அடியில் போய் அடுத்த வரிசையைத் திறந்துவிட வேண்டும். நீ எழுந்தாய். விரல் நடுங்கியதில் உன்னால் ஹெல்மெட் வாரைப் பூட்ட முடியவில்லை.

"நான் போறேம்லே" என்றேன்.

"வேண்டாம்லே. பயமாத்தான் இருக்கு. ஆனா உன்னைய அனுப்பிட்டு இங்கன உக்காந்து வழியப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. அதை வீட்டுல நிறையப் பாத்துட்டேன்."

நான்தான் வாரைப் பூட்டிவிட்டேன். நீ இறங்கிய பிறகு மீட்டர் பன்னிரண்டுக்கு ஏறியது, அதையும் தாண்டியது. நீ அடுத்த வரிசையைத் திறந்த பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. நீ மேலே வந்து வாஷ்பேசினில் குனிந்து வாந்தி எடுத்தாய். வாயைக் கொப்பளித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டீகளாம்மா?" என்று மட்டும் கேட்டாய். மறுநாள் அளவு நன்றாகக் குறைந்த பிறகே தூளை இறக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்படித் தப்பித்த உன்னை மஞ்சள் காமாலை கொண்டுபோனது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இன்றைக்குத் திருத்திய அளவைச் சொல்லி, ஆட்களை விலகச் சொன்னபோது என் குரல் நடுங்கியது. "என்னண்ணே, பயப்படுறீகளா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "ஆமா" என்றேன். முன்பு என்றால் சிரித்து மழுப்பியிருப்பேன். கை நடுங்க நடுங்கவே போய் வேலையை முடித்துவிட்டு வரலாம் என்பதை உன்னிடம்தான் பார்த்தேன்.

சிலிண்டர் லாரி கேட்டுக்குள் நுழைகிற சத்தம் கேட்கிறது. கீழே நான்தான் போகிறேன்.