கடற்கரை ஹோட்டலில் ஒரு குளிர்காலம்

வால்பியானா,
அக்டோபர் 14

அன்பு மகள் அலீதாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். கடல் தாண்டி ரொசாரியோவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண்விழித்ததும் என் முதல் நினைப்பு. எழுத உட்கார்ந்தால் எனக்கு எல்லாம் கலந்துவிடும், அதனால் முன்கூட்டியே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. என் உடம்பு.
2. போன வாரம் நிலம் அசைந்தது.
3. இங்கத்திய குளிர்காலத்துக்கு, அங்கே அப்போது கோடை என்று, உன்னிடம் வரச் சொல்கிறாயே, நான் ஏன் வர முடியாது.

உடம்புக்கு ஒன்றுமில்லை, மழைக்கு முன் முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். சோளமாவுக் களியை ஒரு ஆளுக்கு மட்டும் கிண்ட இன்னும் கை பழகவில்லை, உன் அம்மா இருந்தபோது வைத்த அளவுக்கே தண்ணீர் வைத்துவிடுகிறேன், மிச்சத்தை மறுநாளும் வாட்டித் தின்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடும்போது மேசை குலுங்கியது, தட்டுகூட விழவில்லை. எழுபத்தாறாம் வருஷ நிலநடுக்கத்தில் ஊரே இடிந்ததிலிருந்து வந்த பழக்கம் உனக்குத் தெரியும், நிலம் அசைந்தால் எல்லோரும் கோயில் முற்றத்துக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பதில் வந்த பிறகுதான் வீடு திரும்பலாம். நானும் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். யாரும் வரவில்லை. என் பக்கத்து வீடுகள் இரண்டும் இப்போது கோடையில் மட்டும்தான் திறக்கின்றன. யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, சத்தம் போடக் கூச்சமாகவும் இருந்தது. கடைசியில் எதிர்வீட்டு ஒனோரீனா மாடி ஜன்னலைத் திறந்து, "என்ன வாத்தியாரே, உசிரோடதான் இருக்கீங்களா? அப்ப வீட்டுக்குப் போங்க, சூப்பு ஆறுது" என்றாள்.

மூன்றாவது விஷயம். நம் ஜனங்கள் அந்த அழிவிலிருந்து எழுந்த கதையை வருஷாவருஷம் பள்ளியில் பாடமாக நடத்தியவன் நான். கோயிலின் இடிந்த கற்களைப் புல்வெளியில் பரப்பி, எந்தக் கல் எங்கே இருந்தது என்று தேடித்தேடி அடுக்கி மறுபடி எழுப்பினோம். மண்ணை விட்டு அசையாததால்தான் மீண்டோம். அப்படிப்பட்ட ஊரை விட்டு நான் வர முடியாது.

இதுவரை எழுதியதும், சரிதானா என்று சந்தேகம் வந்து, ஒனோரீனாவிடம் படித்துக் காட்டப் போனேன். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அசையலையா? அந்த வருஷம் செப்டம்பர்ல நிலம் மறுபடி ஆடினதும், தங்கியிருந்த கூடாரத்தை விட்டுட்டு பஸ் ஏறிக் கடற்கரைக்கு ஓடினது யாரு? டூரிஸ்டுங்க போன ஹோட்டல் கட்டில்ல குளிர்காலம் பூராப் படுத்துக் கிடந்தோமே! உங்க அலீதா நடை பழகினதே அந்த ஹோட்டல் வராந்தாவுலதான். பனியில கூடாரத்துலயே விறைச்சுப் போயிருந்தா வசந்தத்துல கல்லு தூக்க ஆளு ஏது? போனோம், பொழைச்சோம், திரும்பி வந்தோம். பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லித் தரலையாக்கும்!" சனிக்கிழமை அவளும் உதினேயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறாளாம், பனி உருகிய பிறகுதான் வருவாளாம். அதற்குப்பின் இந்தத் தெருவில் விளக்கு எரிவது நம் வீட்டில் மட்டும்தான்.

கடவுள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். சின்னவனுக்கு இருமல் இருந்தால் ஐஸ் கொடுக்காதே. உங்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் எனக்கு டிக்கெட் எடு, மார்ச்சில் திரும்புவதற்கும் சேர்த்தே எடு.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.

உன் அப்பா,
எல்வியோ