ஜெர்லினின் ஆரஞ்சு முடி

மே 9, வெள்ளி

இன்று என் பார்லருக்கு ஜெர்லின் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு வந்தாள். விலக்கியதும் பாவமாக இருந்தது. வீட்டிலேயே இரண்டு முறை பிளீச் செய்திருக்கிறாள். முடி முழுக்க ஆரஞ்சு நிறம்.

"அக்கா, இன்னொருக்கா பிளீச் போட்டு வெளுப்பாக்கித் தாங்க. நாளைக்கு அண்ணனுக்குக் கல்யாணம். இந்தத் தலையோட போட்டோவுல நிக்காண்டாம்னு அம்மா சொல்லிட்டா" என்று அழுதாள்.

பின்கழுத்தில் ஒரு முடியை நனைத்து மெதுவாக இழுத்தேன். ரப்பர் போல நீண்டு அறுந்தது. அவளிடமே காட்டினேன்.

"இனி பிளீச் பட்டா முடி கையோட வந்துரும் மக்கா. முதல்ல முடி தேறட்டும், பொறவு பாப்போம். இப்ப ஆரஞ்ச மட்டும் அடக்கித் தாறேன்."

ஆரஞ்சை மங்கவைக்கும் நீல டோனர் போட்டு, சிதைந்த நுனிகளை வெட்டினேன். அவள் கேட்ட வெளுப்பு வரவில்லை. மங்கிய பழுப்புதான் வந்தது. கண்ணாடியைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு பார்லருக்குப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

அப்போது ஜெர்லினைத் தேடி அவள் அம்மா வந்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். தரையில் கிடந்த முடியைப் பார்த்துவிட்டு மகளின் தலையைத் தடவினாள்.

"ஏட்டி, நான் கோவத்துல சொன்னதுக்கா இப்பிடி ஓடி வந்த? நீ நிக்காம என்ன போட்டோ?"

ஜெர்லின் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதாள். இருவரும் சேர்ந்துதான் குலசேகரம் பஸ்ஸுக்குப் போனார்கள்.

நாளை தலை சீவும்போது எவ்வளவு முடி உதிருமோ. முடியை இழுக்காத அகலப் பல் சீப்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.