சோலாருக்குப் போர்த்திய ஈரச்சாக்கு

பெரியகல்லாறு,
பங்குனி 4.

அன்புள்ள மகள் அஜந்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். நோர்வேக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனெடுத்தால் அம்மா பறித்துவிடுவா, அதனால்தான் கடிதம். பிழைகளைத் திருத்திப் படி. ஓ.எல். சோதனையில் விஞ்ஞானம்தான் என்னைக் கைவிட்டது, நான் அதைக் கைவிடவில்லை.

வாவிக்கரை மீன்வாடியில் குளிர்ப்பெட்டிக்குப் பூட்டிய சோலார், நல்ல உச்சி வெயிலில்தான் சோர்ந்துபோனது. சூடு தாங்கவில்லையாக்கும் என்று, மீனுக்குப் போடுகிற மாதிரி ஈரச்சாக்கை அதன்மேல் போர்த்தினேன். பெட்டி அடியோடு நின்றுவிட்டது. “வெயிலைத் தின்னுற சாமானுக்கு வாயைக் கட்டிப்போட்டு என்ன பார்க்கிறீங்க?” என்று அம்மா கேட்டா. இப்போது ஊரெல்லாம் என்னைச் ‘சாக்கு இஞ்சினியர்’ என்கிறார்கள்.

மறுகா ஒருநாள் உன்னிடம் போனில் கேட்டபோதுதான் விளங்கியது. சூடு கூடினால் சோலாரில் இருக்கிற சிலிக்கனுக்குள் மின்னேற்றங்கள் அவிழ்ந்து கூட்டம் கூடுமாம், ஆனால் தள்ளுகிற அழுத்தம் குறைந்துவிடுமாம். நீ சொன்னபடி சோலாரைக் கூரைத் தகரத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திக் காற்றோட விட்டேன். பெட்டி ஓடுகிறது.

அன்றைக்கு நீ சொன்ன மற்றக் கதைதான் மனதில் நிற்கிறது. சுத்தமான சிலிக்கனில் அணுவெல்லாம் நாலு பக்கமும் கைகோத்து நிற்கும், மின்சாரம் லேசில் ஓடாது. ஐந்து கையுள்ள பொஸ்பரஸ் துளியளவு கலந்தால், நாலு கை கோத்தபின் கோக்க ஆளில்லாமல் மிஞ்சுகிற ஓர் இலத்திரன்தான் ஓடித்திரிந்து மின்சாரத்தைக் கொண்டுபோகும். பனிச்சங்கேணியிலிருந்து மாப்பிள்ளையாக வந்து அம்மா வீட்டில் குடியேறியபோது நானும் அப்படித்தான். மச்சான்மார் நாலு பேரும் ஒட்டி நிற்பார்கள். தேங்காய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் ஓடுவது நான். கடைசியில் ஊரில் அவர்களைவிட எனக்குத்தான் ஆட்களைத் தெரிந்தது.

கடுங்குளிரில் அந்த இலத்திரனும் ஓடாமல் ஒட்டிக்கிடக்கும் என்றும் நீதானே சொன்னாய். “இஞ்ச ஒருத்தரும் என்னோட கதைக்கிறாங்க இல்ல, படிப்பை விட்டுட்டுச் சித்திரைக்கு வந்திடுறன்” என்று நீ அழுததிலிருந்து எனக்கு அதே நினைவு.

மகள், பனி கரையட்டும். வைகாசி மட்டும் பொறுத்துப் பார். அப்போதும் மனம் ஒட்டாவிட்டால் வா. ஏனென்று நாங்கள் ஒரு சொல் கேட்கமாட்டோம்.

வான் வைத்திருக்கும் உதயரூபனிடம், கட்டுநாயக்கா விமானநிலையத்துக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட்டால் சரி என்று நேற்று விசாரித்தேன். சும்மாதான் கேட்டேன். நீ அவசரப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

என்றும் உன் அப்பா,
நல்லரத்தினம்