ஏழு வருமா என்று கேட்டவனுக்கு

மச்சான்,

நேற்று மகள் ஒரு பெட்டியைப் பிரித்துக் கரண்டில் மாட்டினாள். புதுப் பிளாஸ்டிக் முதன்முதலாகச் சூடேறுகிற அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். மடவளை வீட்டின் மேல்மாடியில் அவள் பாட்டுப் பதிவுசெய்ய ஓர் அறை ஒழுங்குபடுத்துகிறாள். தாளம் போடும் சீக்வென்சர் ஒன்று வாங்குவதற்காக மூன்று கிழமையாகப் போனைத் தடவித் தடவிப் படம் பார்த்து, கடைசியில் இதைத் தருவித்திருக்கிறாள். பதினாறு பொத்தான், ஒரே வரிசை.

“எப்பிடி வாப்பா, நல்லமா?” என்றாள்.

“ஏழு வருமா?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அது என் கேள்வி இல்லை, உன்னுடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மடவளையில் என் துணிக்கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறை உனக்கு நினைவிருக்கும். நாலு பக்கமும் சாரம், சீத்தைத் துணிக் கட்டுகள். எதிரொலி என்ற பேச்சே கிடையாது. “உலகத்திலை இதை விடத் திறமான ஸ்டூடியோ இல்லையடாப்பா” என்று நீ முதல் நாளே முடிவு கட்டிவிட்டாய். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கண்டி அரசாங்கக் கந்தோரில் வரைபடம் வரைய வந்தவன், திரைத்துணி வாங்க என் கடைக்கு வந்து, நான் முணுமுணுத்த பாட்டில் சுருதி பிழை என்று சொல்லி எனக்குக் கூட்டாளியானாய். நீ ஓர்கன், நான் கிட்டாரும் பாட்டும். வத்தேகமவிலிருந்து ட்ரம்ஸ் அடிக்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தது, ட்ரம்ஸும் எரிந்தது. மனைவி பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தாளத்துக்கு ஆள் இல்லை. கொஞ்ச நாள் நீயே பிஸ்கட் டின்னில் தட்டிப் பார்த்தாய். உன்னிடம் இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது? சுருதியில் நீ புலி. ஆனால் உன் இரண்டு கையும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்ட சகலன்மார் போல, ஒன்று வந்த இடத்துக்கு மற்றது வராது. ஆகவே மெஷின் வாங்குவது என்று தீர்மானித்தோம்.

பேராதெனியாவில் ஹோட்டல் வாத்தியக்காரரான ஒரு பறங்கியர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தார். அவரிடம் இரண்டு மெஷின். ஒன்றில் பத்துத் தாளம் ஆயத்தமாகவே உள்ளே இருந்தது. கரண்ட் போனாலும் அழியாது. மற்றது வெறும் பெட்டி, பதினாறு பொத்தானோடு. ஒவ்வொரு பொத்தானும் தாளத்தின் ஒரு துண்டு. எந்தத் துண்டில் அடி விழவேண்டுமோ அதை அமத்திவிட்டால், ஒரு சிவப்பு வெளிச்சம் இடமிருந்து வலமாக ஓடி, அமத்திய இடமெல்லாம் அடித்துக்கொண்டு போகும். கரண்ட் போனால் எல்லாம் மறந்துபோகும்.

“முதலாவத எடுப்பம்டா. அமத்தினா பாடலாம், கத முடிஞ்சி” என்றேன்.

நீ அவரைப் பார்த்து, “உதிலை ஏழு வருமோ, ஏழடித் தாளம்?” என்றாய்.

“ஏழா? மனிஷனுக்கு ரெண்டு கால்தானே மிஸ்டர்!” என்றார் அவர்.

நீ சிரிக்கவில்லை. இரண்டாவது பெட்டியோடு நிலத்தில் சம்மாணம் கட்டி உட்கார்ந்துவிட்டாய். அவருடைய மனுஷி இரண்டு தரம் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். பயணச் சாமான் கட்ட வந்தவர்கள் உன்னைச் சுற்றிச் சுற்றிக் கதிரைகளைத் தூக்கிப் போனார்கள். கடைசியில், பதினாறு வரை போகவிடாமல் ஏழின் இரட்டிப்பான பதினாலாவது துண்டிலேயே திரும்பச்செய்யும் வழியைக் கண்டுபிடித்து, “வந்திட்டுது! ஏழு வந்திட்டுது!” என்று கத்தினாய்.

“கரண்ட் போனா மறந்துடுமேடா. நம்மட ஊர்ல கரண்ட் போகாத நாள் எது?”

“மறந்தால் என்ன? கடதாசி மறக்காது.”

இரண்டாவதையே வாங்கினோம். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது.

கந்தோரில் வரைபடம் போடுகிற சதுரத் தாளில் தாளங்களை எழுதத் தொடங்கினாய். அடி விழும் சதுரத்துக்குக் கறுப்பு, விழாததற்கு வெள்ளை. எழுதியதோடு விட்டாயா? ஒவ்வொரு தாளமும் எந்த இடத்தில் மனதில் வந்ததோ அந்த இடத்தின் பெயரைத் தலைப்பாகப் போட்டாய், அதுவும் கந்தோர்ப் பழக்கத்தில் இங்கிலீஷ் பெரிய எழுத்தில். ‘வத்தேகம சந்தை’, ‘கூட்ஸ் ஷெட் பஸ் நிலையம்’, ‘கட்டுகஸ்தோட்டைப் பாலம்’. கீழே, அதே இங்கிலீஷில், ஆடுபவருக்கும் அடிப்பவருக்கும் குறிப்பு: ‘மெதுவாகத் தொடங்கு. கடைசிச் சதுரத்தில் பெரிய அடி.’

கொழும்பில் குண்டு வெடித்தது. மறுநாள் காலையில் கண்டியில் தமிழர் வாடகைக்கு இருந்த அறைகளையெல்லாம் சோதித்தார்கள். உனக்கு அறை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரம்மா கடைக்குப் போன் எடுத்தார். “மொதலாளி, அவரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கட்டம் போட்ட பேப்பர் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க.”

மெஷினையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் சாரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் நீ மர வாங்கில் உட்கார்ந்திருந்தாய். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. என்னைக் கண்டதும் கண் கலங்கியது. பிறகு துணிப் பொட்டலத்தைப் பார்த்து, “தலைகீழாய்ப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்” என்றாய்.

இன்ஸ்பெக்டருக்கு முன்னால் மேசை நிறைய உன் தாள்கள். பாலத்தின் தாளை எடுத்து என் முன் வைத்து, “மே மொகக்த? இது என்ன?” என்றார். இசை என்றேன். “பாலம் என்று எழுதியிருக்கிறது. கடைசியில் பெரிய அடி என்றும் எழுதியிருக்கிறது. இசையா?” என்று சிங்களத்தில் கேட்டார். மெஷினை மாட்டி, தாளைப் பார்த்து ஒவ்வொரு சதுரமாக அமத்தினேன். வெளிச்சம் ஓடியது. டும்… தக தக… டும்… தக.

“பிழை” என்றாய் நீ வாங்கிலிருந்து.

இன்ஸ்பெக்டர் உன் பக்கம் திரும்பினார்.

“பதினோராவதை அமத்தேல்லை. அது கறுப்பு.”

“கறுப்பு இல்லடா, அது உன்ட தேத்தண்ணிக் கற!”

“விசரே உனக்கு? கறையும் மையும் தெரியாதே?”

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பதினோராவதை அமத்தப் போனேன், கரண்ட் போய்விட்டது. வந்ததும், “திரும்ப” என்றார். நான் முதலிலிருந்து அமத்தினேன். பாதியில் மறுபடி போய்விட்டது. “இதற்கு ஞாபகசக்தியே இல்லையா?” என்றார். “அதாலதான் சேர் கடதாசி” என்றேன் சிங்களத்தில். என் வாழ்நாளில் சொன்ன மிகச் சரியான பதில் அதுதான்.

மூன்றாம் முறை முழுதாக ஓடியது. மூலையில் நின்ற சார்ஜன்ட் தலையைச் சாய்த்துக் கேட்டார். “சேர், நம்ம ஜீப் பாலத்தில் போகும்போது பலகை இப்படித்தானே சத்தம் போடும்?” என்றார். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி இன்னொரு சுற்றுக் கேட்டார். பிறகு தாள்களை அடுக்கி உன்னிடம் நீட்டி, “இனிமேல் தலைப்பில் இசை என்று எழுது. பாலம் கீலம் வேண்டாம்” என்றார்.

வெளியே வந்ததும் நீ மதிலைப் பிடித்துக்கொண்டாய். நான் தோளைப் பிடித்தேன். “பதினொண்டு கறுப்புத்தான்” என்றாய்.

எங்கள் பாட்டுக் கெசட் வெளிவந்தது. வத்தேகமவில் ஒரு கல்யாண வீட்டில் அதைப் போட்டார்கள். ஏழுக்கு ஆடத் தெரியாத சனம் ஒருவர் காலை ஒருவர் மிதித்து, மாப்பிள்ளையின் மாமா பந்தல் காலோடு சாய்ந்தார். பறங்கியர் சொன்னது சரிதான் என்று நான் சொன்னேன். காலில்தான் பிழை, தாளத்தில் இல்லை என்றாய் நீ.

பிறகு கனடாவுக்குப் போனாய். போனில் உன் குரலுக்குப் பின்னால் எப்போதும் யாராவது சிரிப்பார்கள், நீ அந்தப் பொலிஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாய். போன மாதம் உன் மகள் போன் எடுத்தாள். உன் செத்த வீட்டிலும் எல்லாரும் அந்தக் கதையைத்தான் சொன்னார்களாம். “அங்கிள், நீங்கள் செய்தி கேட்டதும் அடுத்த பஸ்ஸிலேயே வந்தனீங்கள் எண்டு அப்பா எப்பவும் சொல்லுவார். மற்ற ஆக்கள் எல்லாம் பயந்து நிக்கேக்கை நீங்கள் ஒரு நிமிஷமும் யோசிக்கேல்லையாம்.”

நான் “ஓம்” என்றேன். உன் யாழ்ப்பாணப் பாஷையிலேயே பொய் சொன்னேன்.

மச்சான், நீ உயிரோடு இருக்கும்போது சொல்லத் துணிவு வரவில்லை. அன்றைக்கு மடவளை பஸ் நிறுத்தத்தில் நான் இரண்டு பஸ்ஸை ஏறாமல் விட்டேன். முதலாவதில் சனம் அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது காலியாக வந்தது. அதையும் விட்டேன். உன்னோடு என்னையும் பிடித்து வைத்தால் கடை, உம்மா, பிள்ளை என்று மனம் ஓடியது. வீட்டுக்குத் திரும்பத்தான் நினைத்தேன். மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் என்னைத் தெரிந்தவன். “ஏறுங்க மொதலாளி, என்ன யோசன?” என்று என் கையிலிருந்த பொட்டலத்தைப் பறித்து உள்ளே வைத்துவிட்டான். மெஷின் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் நானும் ஏறினேன். நீ உலகமெல்லாம் சொல்லித் திரிந்த அந்தத் துணிச்சல்காரன் உண்மையில் ஒரு கண்டக்டர்.

ஆனாலும் நீ திரும்பத் திரும்பச் சொன்னதில் ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. அந்தப் பெயரை உன்னிடம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, பொய்யாகவே வைத்திருக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது என்றால், பொலிசில் யாராவது என்றால், இப்போது நான் செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் ஓடுகிறேன். ஊரில் எனக்கு அவசரக்காரன் என்று பேச்சு. இருக்கட்டும். முப்பது வருடத்துக்கு மேலாக முதலாவது பஸ்ஸை நான் விட்டதேயில்லை.