பர்ன்லி வீட்டு நம்பர்

பர்ன்லி,
மார்ச் 9

அன்புள்ள ட்ரெவர்,

நான் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? சிறையில் கேட்டால் இன்னொரு போர்வை தருவார்களாமே. கேட்க வாய் வராதா உனக்கு?

போன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தெருவில் ஓடும் பழைய செம்புக் கம்பியை எல்லாம் கைவிடப் போகிறார்களாம். இனி வீட்டு போன் இன்டர்நெட் வழியாகத்தான் வேலை செய்யுமாம். நம் நம்பர் நம்மிடமே இருக்க வேண்டுமானால் மாதம் நாற்பது பவுண்டுத் திட்டத்தில் சேரச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளத்தில் அது முடிகிற காரியமா? என்னிடம் கைபேசி இருக்கிறது. வீட்டு போனை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். நீ சொல்.

உன்
கெயில்


மார்ச் 17

என் கெயிலுக்கு,

விட்டுவிடாதே. தயவுசெய்து. இங்கிருந்து கைபேசிக்குப் பேசினால் என் காசு கண் மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். வீட்டு போனுக்குத்தான் கட்டணம் குறைவு. அதுவும் நான் கூப்பிடலாம் என்று சிறையில் அனுமதிக்கிற பட்டியலில் ஒரு நம்பரை ஏற்ற எத்தனை வாரம் இழுத்தடித்தார்கள் என்று உனக்கே தெரியும்.

காசு மட்டும் இல்லை. ஆறு மணிக்குக் காவலர்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போனதும் என் அறையில் இருக்கிற போனில் அந்த நம்பரை அழுத்துகிறேன். கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே போன் அடிக்கிறது, நீ சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாய். மணி அடிக்கும்போதே நான் வீட்டுக்குள் வந்துவிடுகிறேன். வெளியே வர இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. இதையும் விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

மலிவாக வேறு கம்பெனிகள் இருக்கும். தேடிப் பார். பின்வாசல் கதவு இன்னும் கீழே உரசுகிறதா?

உன் ட்ரெவர்


பர்ன்லி,
மே 21

அன்புள்ள ட்ரெவர்,

உன் தொல்லை தாங்காமல் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டேன். மாதம் ஐந்து பவுண்டுதான். கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி அனுப்பினார்கள். அதன் ஒரு பக்கம் இன்டர்நெட், மறுபக்கம் நம் பழைய போன். நம்பரும் அதேதான்.

நூலிழையில் தப்பித்தது. என் அக்கா பாலீனின் கணவர், எப்போதும் போல எல்லாம் தெரிந்தவராக, முதலில் பழைய லைனை நிறுத்து, பிறகு புதுக் கம்பெனியைக் கூப்பிடு என்றார். நானும் நிறுத்தத்தான் இருந்தேன். நல்லவேளை, அதற்கு முன் புதுக் கம்பெனிப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "லைன நிறுத்தினீங்கன்னா நம்பர் செத்துப்போயிடும்மா. உசுரோட இருக்கறப்பதான் அத நாங்க தூக்கிட்டு வர முடியும்" என்றாள்.

ஒரு குறை இருக்கிறது. கரண்ட் போனால் இந்த போனும் போய்விடும். பழைய போன் எந்தப் புயலிலும் அடிக்கும். இது பெட்டி அணைந்தால் ஊமைதான். ஆறு மணிக்கு நான் எடுக்கவில்லை என்றால் தெருவில் கரண்ட் இல்லை என்று புரிந்துகொள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உருண்டு புரளாதே.

உன்
கெயில்


செப்டம்பர் 15

என் கெயிலுக்கு,

நேற்று பேசும்போது நேரம் முடிந்துவிட்டது. சொல்ல வந்தது இதுதான்: பின்னறைக்கு நீ பூசிய மஞ்சள் வண்ணத்தை நினைத்துக்கொண்டேதான் தூங்கினேன். கொட்டகையில் என் கருவிகளுக்கு எண்ணெய் தடவினாயா என்று கேட்டதற்கு, தடவினேன் என்றாய். நீ தடவியிருக்க மாட்டாய், பொய்க்காரி. இருந்தாலும் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

உன் ட்ரெவர்


டிசம்பர் 9

கெயில்,

என் அறை வரிசையில் கெவின் என்று ஒருவன் இருக்கிறான். பர்ன்லிக்காரன், அவன் அம்மா நம் தெருவுக்கு அடுத்த தெரு. சனிக்கிழமைப் புயலில் அந்தப் பக்கம் முழுக்க மாலை நான்கு மணியிலிருந்து ராத்திரி வரை இருட்டாம். அம்மாவுக்கு போன் போகவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தான். வானொலியிலும் அதையேதான் சொன்னார்கள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் உன்னோடு பேசினேன். உடனே எடுத்தாய். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கெட்டில் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

இரண்டு நாளாக இதற்குச் சமாதானம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எழுது. நீ எங்கே இருக்கிறாய்?

ட்ரெவர்


மோர்கம்ப்,
டிசம்பர் 16

அன்புள்ள ட்ரெவர்,

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார்த்திருப்பாய். பாலீன் வீட்டில் இருக்கிறேன். ஜூன் மாதமே பர்ன்லி வீட்டுச் சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இந்தப் பெட்டியை எந்த ஊரில் செருகினாலும் நம்பர் அதேதான். அதையும் அந்தப் பெண்தான் சொன்னாள். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கிளம்பத் துணிவு வந்தது. நீ எழுதிய கடிதங்கள் அந்தச் சொந்தக்காரர் வழியாக இங்கே வந்துகொண்டிருந்தன. உன் கருவிகள் பாலீனின் கராஜில் பத்திரமாக இருக்கின்றன. மஞ்சள் வண்ணம் நான் இட்டுக்கட்டியது.

ஏன் என்று கேட்பாய். நீ லாரி ஓட்டும்போது கண்ணயர்ந்த அன்று செத்துப்போன பையன், டேனியல். அவன் அம்மா திருமதி ஹார்கிரீவ்ஸ் நம் தெருமுனைக் கடையில் கல்லாவில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்து, எல்லோரிடமும் கேட்பதுபோல, "பை வேணுமாம்மா?" என்று கேட்பார். வேண்டாம் என்பேன். மீதிச் சில்லறையை என் கையில் வைப்பார். எண்ணிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிடுவேன். வேறு கடைக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்திலும் அவர் நின்றார். அந்த ஊரில் என்னால் மூச்சுவிட முடியவில்லை, ட்ரெவர்.

உன்னிடம் சொல்லப் பல தடவை வாயெடுத்தேன். நீ பின்வாசல் கதவைப் பற்றிக் கேட்பாய். உரசுகிறது என்று சொல்லிவிடுவேன்.

உன்
கெயில்


ஜனவரி 4

கெயில்,

அது என் வீடு. இருபத்திரண்டு வருஷம் வாடகை கட்டிய வீடு. அந்தக் கொட்டகையை என் கையால் எழுப்பினேன். சமையலறை அலமாரிகளை நான்தான் சுவரில் பொருத்தினேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாவியைக் கொடுத்திருக்கிறாய். ஜூனிலிருந்து ஒவ்வொரு மாலையும் இல்லாத வீட்டில் என்னை உட்கார வைத்துக் கதை சொல்லியிருக்கிறாய். நான் இங்கே முட்டாளாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் நான் எங்கே போவேன் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? தோட்டத்து ரோஜாவையாவது பெயர்த்தாயா?

என் பட்டியலிலிருந்து அந்த நம்பரை எடுக்கச் சொல்லிவிட்டேன். "அதுக்குப் பதிலா வேற நம்பர் ஏதாச்சும் சேக்கணுமா?" என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன்.

ட்ரெவர்


மோர்கம்ப்,
பிப்ரவரி 2

ட்ரெவர்,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொட்டகை வந்தது, அலமாரி வந்தது, ரோஜாகூட வந்தது. அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி வரும் என்று தேடினேன். என்னைப் பற்றி வரும் என்றும் தேடினேன். நான் பொய் சொன்னது தப்புதான். ஆனால் உன்னிடம் உண்மையைச் சொன்னபோதும் வீட்டைப் பற்றி எழுதியது மட்டும்தான் உன் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு வலிக்கிறது.

நீ கூப்பிட மாட்டாய் என்று தெரிந்தும் ஆறு மணிக்கு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். யாரோ ஒரு பெண். இருக்கிற வீட்டு நம்பரையே மலிவான இன்டர்நெட் போனுக்கு மாற்றித் தருவார்களாம், மூன்று மாதம் இலவசமாம். நான் வைக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யார் பேசினார்கள் என்னோடு?

"இது உங்க வீட்டு நம்பர்தானேம்மா?" என்றாள்.

"வீடு இல்லம்மா. நம்பர் மட்டுந்தான் இருக்கு" என்றேன்.

மன்னிக்கணும் என்று வைத்துவிட்டாள்.

இந்த மாதக் கடைசியோடு அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நிறுத்திய பிறகு அந்த நம்பர் வேறு யாருக்காவது போகலாம் என்றார்கள், போகட்டும். உனக்கு என்றைக்காவது மனது மாறி அதை அழுத்திப் பார்த்தால், எடுப்பது நானாக இருக்க மாட்டேன். கருவிகளுக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே. வெளியே வந்ததும் பாலீனிடம் கேட்டு வாங்கிக்கொள்.

கெயில்